டொக் டொக்னு சத்தம் வந்தா உடனே அப்சோபர் வாங்காதீங்க

நான் ஃபோர்மென் கிடையாது, அதாவது காடி ரிப்பேர் பண்ற மெக்கானிக் இல்ல. சுங்கை சிப்புட்ல இருக்கேன், ஈப்போல ஒரு ஃபேக்டரில ஷிப்ட் வேல, லீவு நாள்ல வீட்டுக்குப் பின்னாடி காடிக்கு (காருக்கு) அடியில படுத்துக் கெடக்கறவன், அவ்ளோதான். என் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐக்கு வயசு இருபதுக்கு மேல ஆச்சு, அதே காடி வச்சிருக்கற பசங்க தோட்டத்துப் பக்கம் நாலஞ்சு பேரு இருக்கானுங்க, யாருக்கு சத்தம் வந்தாலும் நம்ம வீட்டு வாசல்ல தான் வந்து நிக்குது. வரும்போதே "அண்ணே, அப்சோபர் போச்சு"ன்னு தீர்ப்போட தான் எறங்கறானுங்க. அப்சோபர்னா குழில எறங்கினா காடி ஆடற ஆட்டத்த அடக்கற சாமான். முக்கால்வாசி நேரம் அப்சோபர் போயிருக்காது, ஏதோ ஒரு ரப்பர் போயிருக்கும்.

நானும் இதுல வாங்கிக் கட்டிக்கிட்டவன் தான். சில வருஷத்துக்கு முன்னாடி முன் பக்கம் டொக் டொக்னு சத்தம், ஒரு வொர்க்‌ஷாப்ல விட்டேன், பேரு வேணாம், ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு "நாலும் மாத்தணும் பாஸ்"னாங்க, சரின்னேன், நாலும் மாத்தியாச்சு, போனஸ் காசுல பாதி அங்கயே போச்சு, கடைய விட்டு வெளிய வந்து டிராஃபிக் லைட்டுக்கு முன்னாடி இருக்கற குழில எறங்கறேன், அதே டொக் டொக். கடைசில வீட்ல படுத்துப் பாத்தா லெஃப்ட்ல ஸ்டெபிலைசர் லிங்க்கோட, அதாவது காடி சாயாம புடிக்கற பார வீல் பக்கத்தோட சேக்கற சின்னத் தண்டோட, ரப்பர் புஷ் மாவா போயிருக்கு. அன்னைலேர்ந்து மலிவான சாமான்லேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா பாக்கறது தான் பழக்கம்.

நம்ம பக்கத்து ரோடும் அப்படி. செம்பனை லோரி குலை ஏத்திக்கிட்டுப் போய்ப் போய் தார் ரோட்ல ரெண்டு வாய்க்கா விழுந்திருக்கு, தோட்டத்துக்குள்ள போனா செம்மண், மழை பேஞ்சா குழி எவ்ளோ ஆழம்னே தெரியாது, அதத் தாண்டி தாமானுக்குள்ள, அதாவது வீடமைப்புப் பகுதிக்குள்ள, வந்தா நாலு வீட்டுக்கு ஒரு பொங்கோல் (வேகத்தடை).

காடியப் பத்தி ரெண்டு வரி. சத்ரியா ஜிடிஐ மிட்சுபிஷி மிராஜ் வழில வந்தது, புரோட்டோனோட வீரா, புட்ரா எல்லாம் சொந்தக்காரங்க, 1.8 லிட்டர் 4ஜி93 இன்ஜின், பின்னாடி லோட்டஸ் பேரு போட்ட பேட்ஜ். முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது அப்சோபர், ஸ்பிரிங், மேல பாடில மாட்டற மவுண்டிங் எல்லாம் ஒரே கட்டு, வீல நேரா புடிச்சுக்கறதும் அது தான். பின்னாடி மல்டி லிங்க், அங்க வீலப் புடிக்கறது லிங்க்குங்க, அப்சோபருக்கு ஆட்டத்த அடக்கற வேல மட்டும். நம்ம ஊர்ல ரெண்டுக்கும் பேரு அப்சோபர் தான், நானும் அப்படியே சொல்றேன். நிசான் 180எஸ்எக்ஸ், டொயோட்டா ஏஇ86 வச்சிருக்கறவங்களுக்கும் முன் பக்கத்துக்கு இது பெரும்பாலும் ஒத்துப்போகும். பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஆளுங்களுக்கு ஸ்ட்ரட் கிடையாது, அவங்க மவுண்டிங் பேரிங் பத்தி சொல்றத விட்டுட்டு மத்தத படிங்க.

## தூக்கறதுக்கு முன்னாடி

தோட்டத்து வீட்ல சிமெண்ட் தரை இருக்காது, ஜேக்கோட அடி செம்மண்ல அப்படியே எறங்கும், அதனால அடியில தடிமனா ஒரு பலகை போடுங்க, நான் பழைய கதவுச் சட்டத்த வெட்டி வச்சிருக்கேன். ஜேக் தூக்கறதுக்கு, தாங்கறதுக்கு ஸ்டேண்ட். ஸ்டேண்ட் போட்ட பிறகும் கழட்டின வீல காடிக்கு அடியில தள்ளி வைங்க. மழை வர்ற மாதிரி இருந்தா ஆரம்பிக்கவே வேணாம், நாலு மணி மழைல மண்ணு ஊறி ஸ்டேண்ட் சாயறத நான் கண்ணால பாத்திருக்கேன், நல்லவேளை அடியில யாரும் இல்ல.

## அறிகுறி: சின்னக் குழில டொக் டொக், பொங்கோல்ல மெதுவா ஏறினா சத்தமே இல்ல

அதிகமா வர்ற கேஸ் இது தான், அதனால இதுக்கே நெறைய எழுதப் போறேன்.

### பூட்ட (பின்னாடி சாமான் வைக்கற எடத்த) காலி பண்ணீங்களா?

சிரிக்காதீங்க. ஒரு பையன் ரெண்டு மாசமா பின்னாடி அப்சோபர் போச்சுன்னு பொலம்பிக்கிட்டு இருந்தான், பூட்டத் தொறந்து ஸ்பேர் டயர் குழியப் பாத்தா ஜேக் அதோட எடத்துல மாட்டாம சும்மா கெடக்குது, கூடவே தைப்பூசத்துக்கு ஒடைக்க வாங்கின தேங்கா ஒண்ணு உருண்டுக்கிட்டு இருக்குது. தேங்காய எடுத்துட்டு ஜேக்க இறுக்கினோம், அதோட சரி. எக்ஸாஸ்ட் தொங்கற ரப்பரையும் அப்படியே கையால ஆட்டிப் பாத்துருங்க, பழைய காடில அது வெடிச்சு பைப்பு பாடில இடிக்கும்.

### பிரேக்க லேசா தொட்டா சத்தம் நிக்குதா?

தெனம் சத்தம் வர்ற அதே குழில, அதே வேகத்துல, இந்த வாட்டி பிரேக் பெடல்ல லேசா கால வச்சுக்கிட்டே எறங்குங்க. சத்தம் நின்னுச்சுன்னா பிரேக் பேட் ஆடுது, இல்லன்னா அந்த பேட்ட புடிச்சிருக்கற கேலிப்பரோட பின் லூசா இருக்கு. கிளிப் போயிருக்கும், பின்னுல கிரீஸ் காஞ்சிருக்கும். அப்சோபர் பக்கமே போக வேணாம்.

### நிக்கலன்னா ஸ்டெபிலைசர் லிங்க்

ரெண்டு தினுசு இருக்கு, ரெண்டு முனையிலயும் பந்து ஜாயிண்ட் வச்சது ஒண்ணு, நீள போல்ட்ல ரப்பர் புஷ் கோத்தது ஒண்ணு. எதுவா இருந்தாலும் பாக்கற மொற ஒண்ணு தான், ஆனா எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் மட்டும் ஜேக் போட்டுத் தூக்கினா ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கிட்டு லிங்க்க இறுக்கிப் புடிச்சுக்கும், லூசு தெரியவே தெரியாது, நீங்களும் லிங்க் நல்லா இருக்குன்னு நம்பி அடுத்ததுக்குப் போயிருவீங்க. ரெண்டு முன் வீலும் ஒரே ஒசரத்துல இருக்கணும், ரேம்ப்ல ஏத்தினா ரொம்ப நல்லது, இல்லன்னா ரெண்டு பக்கமும் ஸ்டேண்ட்.

இப்ப லிங்க்க நடுவுல புடிச்சு மேலயும் கீழயும் வெடுக்குனு ஆட்டுங்க, இன்னொரு கையோட ரெண்டு விரல ஜாயிண்ட் மேல வச்சுக்கோங்க. காதுக்கு முன்னாடி விரலுக்குத் தெரியும், சின்னதா ஒரு 'டிக்', பழைய வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள ஆட்டின மாதிரி. நல்ல லிங்க்கா இருந்தா ஆட்டினா பார் சேர்ந்து ஆடும், டிக் இருக்காது. சந்தேகம் தீரலன்னா ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டிட்டு தாமானுக்குள்ளயே மெதுவா ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. சத்தம் போயிருந்தா குற்றவாளி அது தான். பார் இல்லாம காடி நல்லா சாயும், அதனால மெயின் ரோட்டுக்கு அப்படியே போயிராதீங்க.

பாருக்கு பாடில ஒரு ரப்பர் புஷ் இருக்கும், அதையும் பாத்துருங்க, அதோட நடு ஓட்டை பெருசானாலும் இதே சத்தம். ரெண்டும் மலிவான சாமான், கையாலயே மாத்திரலாம்.

### லிங்க் நல்லா இருந்தா பானட்டத் தொறங்க

ஸ்ட்ரட்டோட தலை பானட்டுக்கு அடியில ரெண்டு ஓரத்துலயும் தெரியும். மூடி இருந்தா கழட்டிட்டு அந்த ரப்பர் மேல உள்ளங்கைய வைங்க, ஒருத்தர அந்த மூலைய அமுக்கி விடச் சொல்லுங்க. கையில தட்டினா ரெண்டுல ஒண்ணு, நடு நட்டு லூசு, இல்ல மவுண்டிங் ரப்பர் அதோட இரும்புலேர்ந்து பிரிஞ்சிருச்சு. நட்டு லூசா இருந்தா இறுக்கினாலே போதும், காசு செலவில்ல. ஆனா இறுக்க மட்டும் தான் செய்யணும், காடில இருக்கும்போது அந்த நடு நட்ட கழட்டவே கூடாது, ஸ்பிரிங் மொத்த பலத்தையும் புடிச்சு வச்சிருக்கறது அது தான்.

ரப்பர் பிரிஞ்சிருந்தா மவுண்டிங் மாத்தணும், அதுக்கு ஸ்ட்ரட்ட எறக்கணும், அந்தக் கதை கீழ வருது.

### லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட்

பிரேக் புடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு 'டொக்' வந்தா லோவர் ஆர்மோட, அதாவது வீல அடியில பாடியோட சேக்கற இரும்புக் கையோட, பின்பக்க புஷ்ஷ சந்தேகப்படுங்க. டயர் பக்கம் போகாம பாடி பக்கத்துலேர்ந்து கம்பி விட்டு நெம்பினா ரப்பர் வெடிச்சது வாய தொறக்கும். அந்தக் கையோட வீல் பக்க முனையில இருக்கற பால் ஜாயிண்ட்டுக்கு வீல தூக்கிட்டு மேலயும் கீழயும், மணி 12க்கும் 6க்கும் புடிச்சு ஆட்டுங்க. 9க்கும் 3க்கும் புடிச்சா ஆடுதுன்னா ஸ்டீரிங் கம்பியோட முனைங்க, டை ராட் எண்டோ ரேக் எண்டோ. எல்லாப் பக்கமும் ஆடுதுன்னா வீல் பேரிங், அது ஓடும்போது ஊஊன்னு வேற கத்தும்.

பால் ஜாயிண்ட்ல ஆட்டம் தெரிஞ்சா அன்னைக்கே ஃபோர்மென்கிட்ட போயிருங்க, முடிஞ்சா தூக்கிட்டுப் போற லோரில. அது கழண்டா வீல் மடங்கிரும், இதுல வீரம் வேணாம்.

### இது அத்தனையும் பாத்த பிறகு தான் அப்சோபர்

உள்ள வால்வு தேஞ்சு போனா சில நேரம் கிளக் கிளக்னு கேக்கும், ஆனா நான் பாத்த வரைக்கும் அப்சோபரே சத்தம் போட்ட கேஸ் ரொம்பக் கம்மி. அது செத்தா பெரும்பாலும் சத்தம் போடாம தான் சாவுது.

## அறிகுறி: நின்ன எடத்துல ஸ்டீரிங் திருப்பினா 'டொய்ங்'

ஸ்பிரிங் சுத்தாம மாட்டிக்கிட்டு, பொறுக்க முடியாம ஒரு நேரத்துல வெடுக்குனு திரும்பற சத்தம் இது. ஒருத்தர ஸ்டீரிங்க மெதுவா இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் திருப்பச் சொல்லிட்டு நீங்க வீல் ஆர்ச்சுக்குள்ள கைய விட்டு ஸ்பிரிங்க லேசா தொட்டுப் பாருங்க, வளையத்துக்கு நடுவுல விரல விடாதீங்க, வெளிப்பக்கமா மட்டும். நல்லா இருந்தா ஸ்பிரிங் ஸ்டீரிங்கோட சேர்ந்து வழுக்கிக்கிட்டுத் திரும்பும். மவுண்டிங் பேரிங் போயிருந்தா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு திடீர்னு துள்ளும், கையில அடிச்ச மாதிரி தெரியும்.

காரணம் ரெண்டு தான். ஸ்பிரிங்கோட முனை அதோட குழில ஒக்காரல, புதுசா ஸ்ட்ரட் மாத்தினவங்களுக்கு இது. இல்லன்னா மேல் பேரிங்ல செம்மண் போய் அரைச்சிருச்சு, நம்ம ஊர்ல இது தான் சாதாரணம். கிரீஸ் அடிச்சுப் பாக்கறவங்க இருக்காங்க, ரெண்டு வாரம் அமைதியா இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவ தொறடி. பேரிங்க மாத்திருங்க.

ஸ்டீரிங் கனமாவும் இருந்து, திருப்பினா தானா நடுவுக்கு வரலன்னாலும் இந்தப் பேரிங்கயே மொதல்ல பாருங்க. பவர் ஸ்டீரிங் ரேக்க கழட்டச் சொல்றவங்க பேச்ச அப்புறம் கேப்போம்.

## அறிகுறி: பொங்கோல் தாண்டின பிறகும் ஆடுது, ஹைவேல மெதக்குது

ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்துப் பக்கம் ஏறும்போது வளைவுல காடி ஒரு வாட்டி சாஞ்சு ஒக்காந்து, மறுபடி ஒரு வாட்டி சாயுதா, அதுக்குப் பேரு மெதக்கறது. லேன் மாத்தும்போது பின் பக்கம் கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி தோணும், பிரேக் அடிச்சா மூக்கு தரைய மோந்து பாக்கும்.

மொதல்ல டயர் காத்து. அது சரின்னா நாலு மூலையிலயும் அமுக்கிப் பாருங்க, ஒடம்போட மொத்த பாரத்தையும் போட்டு ரெண்டு மூணு வாட்டி அமுக்கி, கீழ இருக்கும்போது விட்டுருங்க. மேல வந்து ஒரு வாட்டி எறங்கி நின்னுட்டா பரவால்ல. ரெண்டு மூணு வாட்டி ஆடினா செத்துப்போச்சு. ஆனா இந்த டெஸ்ட்ல தோத்தா தான் நிச்சயம், ஜெயிச்சா நிச்சயம் இல்ல. பாதி செத்த அப்சோபர் வாசல்ல நல்ல புள்ள மாதிரி நிக்கும், 110ல ஆட்டம் போடும்.

அதுக்கு நான் பண்றது சூட்டு டெஸ்ட். தோட்டத்து ரோட்ல ஒரு இருவது நிமிஷம் ஓட்டிட்டு வந்து நாலு அப்சோபரோட ஒடம்பையும் பொறங்கையால தொடுங்க, பிரேக் டிஸ்க்குல கை படாம பாத்துக்கோங்க, அது சுட்டா தோல் உரிஞ்சிரும். வேல செய்யற அப்சோபர் சூடாகும், ஆட்டத்த அது சூடா மாத்தறதால தான் காடி நிக்குது. லெஃப்ட் சூடா இருந்து ரைட் சும்மா வெதுவெதுன்னு இருந்தா ரைட்டு தூங்குது.

ஸ்பிரிங்க வெட்டிப் போட்டிருக்கற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. காடி எறங்கி அழகா தான் இருக்கு, ஆனா அப்சோபரோட தண்டு பாதி உள்ளயே கெடக்குது, ஒவ்வொரு பொங்கோல்லயும் பம்ப் ஸ்டாப்புல, அதாவது கடைசில தடுக்கற ரப்பர்ல, இடிக்குது, புது அப்சோபர் போட்டாலும் சீக்கிரமே மறுபடி வந்து நிப்பீங்க. மொதல்ல முழு ஸ்பிரிங் வாங்குங்க, அப்புறம் பேசுவோம்.

## அறிகுறி: அப்சோபர் மேல எண்ணெய்

பாத்த ஒடனே பயந்துராதீங்க. தண்டு உள்ள போற எடத்துல லேசா வேர்த்த மாதிரி எண்ணெய்ப் பூச்சு இருக்கறது சகஜம், சீல் நனையணும்ல. கீழ வரைக்கும் வழிஞ்சு செம்மண் அப்பி அடையா ஒட்டியிருந்தா அது லீக்.

சந்தேகமா இருந்தா மண்ணெண்ணெய் நனைச்ச துணியால பளிச்சுனு தொடைச்சுட்டு ஒரு வாரம் ஓட்டிட்டு மறுபடி பாருங்க. சுத்தமா இருந்தா விட்டுருங்க. மறுபடி ஈரம்னா மாத்தணும், சீல் போன அப்சோபர் தானா சரியாகாது.

ஒண்ணு கவனிங்க, கறுப்பா, கெட்டியா, வட்டமா தெறிச்ச மாதிரி இருந்தா அது அப்சோபர் எண்ணெய் இல்ல, டிரைவ் ஷாஃப்ட் பூட், அதாவது வீலச் சுத்த வைக்கற தண்டோட ஜாயிண்ட்ட மூடற ரப்பர் உறை, கிழிஞ்சு கிரீஸ் அடிக்குது. பூட்ட இப்பவே மாத்தினா கொஞ்ச காசு, விட்டீங்கன்னா ஜாயிண்ட்டும் போயிரும். மாமாக் கடைல தே தண்ணி குடிக்கும்போது ஒருத்தர் இதையே அப்சோபர் லீக்னு ஃபோட்டோ காட்டினாரு, அவரும் புதுசு ஆர்டர் பண்ணிட்டு தான் வந்திருந்தாரு.

## அறிகுறி: ஒரு மூலை மட்டும் எறங்கி நிக்குது

அப்சோபர் மாத்தினா இது சரியாகாது, காடியத் தூக்கிப் புடிக்கறது ஸ்பிரிங். டார்ச் அடிச்சு ஸ்பிரிங்கோட அடி வளையத்தப் பாருங்க, தண்ணியும் மண்ணும் தேங்கற எடம் அது, துருப்புடிச்சு அங்க தான் ஒடையும். ஒரு நண்பனோட காடில ஒடைஞ்ச துண்டு ஒரு சாண் நீளத்துக்கு ஸ்பிரிங் ஒக்கார்ற தட்டுலயே கெடந்துச்சு, கூரான முனை டயரோட உள்பக்கத்துலேர்ந்து ஒரு விரல் தூரம். அப்படி இருந்தா ஓட்டாதீங்க, டயர வெட்டிச்சுன்னா முடிஞ்சுது கதை. ஃபோர்மென வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

ஸ்பிரிங் முழுசா இருந்தும் சாஞ்சு நின்னா, காடி எங்கயாச்சும் இடிச்ச காடியான்னு விசாரிங்க.

## அறிகுறி: டயர் ஏறுக்கு மாறா தேயுது

டயர் மேல உள்ளங்கைய வச்சு ஒரு சுத்து தடவுங்க. மேடு பள்ளம் மேடு பள்ளம்னு அலை மாதிரி இருந்தா அப்சோபர் வீல தரையில அமுக்கி வைக்கல, வீல் துள்ளித் துள்ளிப் போயிருக்கு, ஆனா பேலன்சிங் போனாலும் இதே மாதிரி வரும், அதனால மொதல்ல பேலன்சிங். உள் ஓரம் மட்டும் வழுக்கையா இருந்தா அது பெரும்பாலும் அலைன்மெண்ட், அதுக்கு ஆகற காசு ரெண்டு பேரு வாழை இலைச் சாப்பாடு சாப்பிடற காசு தான். புஷ் எல்லாம் ஆடிக்கிட்டு இருக்கும்போது அலைன்மெண்ட் பண்றது தண்டம்.

## சரி, அப்சோபர் தான்னு முடிவாயிருச்சு

ஜோடியா வாங்குங்க. முன்னாடி ரெண்டும், இல்ல பின்னாடி ரெண்டும். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா பிரேக் அடிக்கும்போது காடி கோணலா ஒக்காரும். கூடவே மவுண்டிங், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் நாலையும் வாங்கிருங்க, ஒருவாட்டி எறக்கற வேலைய ரெண்டுவாட்டி பண்ணாதீங்க. கேஒய்பி, பழைய ஆளுங்க கயாபான்னு சொல்லுவாங்க, அதோட சாதாரண கேஸ் அப்சோபர் தெனம் ஓட்டறதுக்குப் போதும்ங்கறது என் அபிப்பிராயம். பார்ட் நம்பர ஜிடிஐக்குன்னு கேட்டு வாங்குங்க, வீரா அப்சோபர "சேம் சேம்"னு குடுப்பாங்க. கழட்டுக் கடைல ஹாஃப் கட்லேர்ந்து (பாதியா வெட்டின பழைய காடிலேர்ந்து) எடுத்தது, பெயிண்ட் அடிச்சு 'ரீகண்டிஷன்'னு விக்கறது எல்லாம் வேணவே வேணாம், உங்க அப்சோபர் எதனால செத்துச்சோ அதே வயசு தான் அதோட ரப்பர் சீலுக்கும்.

எறக்கறது கஷ்டம் இல்ல. வீல் கழட்டி, பிரேக் ஹோஸ் கிளிப்பும் ஏபிஎஸ் ஒயரு இருந்தா அதையும் ஸ்ட்ரட்லேர்ந்து விடுவிச்சு, கீழ நக்கிள்ல (வீல் மாட்டியிருக்கற இரும்புக் கட்டைல) இருக்கற ரெண்டு பெரிய போல்ட்டும் எங்க ஒக்காந்திருந்துச்சுன்னு பெயிண்ட் பேனாவால கோடு போட்டுட்டு கழட்டுங்க. மொத நாள் ராத்திரியே அந்த போல்ட்டுல துரு எண்ணெய் அடிச்சு ஊற விட்டுருங்க. நக்கிள கம்பி போட்டு கட்டி வைங்க, இல்லன்னா வெளிய சாஞ்சு பிரேக் ஹோஸ இழுக்கும், டிரைவ் ஷாஃப்ட்டும் கழண்டுக்கும். கடைசியா மேல டவர்ல, அதாவது பானட்டுக்கு அடியில ஸ்ட்ரட் தலை மாட்டற பாடித் தகட்டுல, இருக்கற ஓரத்து நட்டுங்க. திரும்பவும் சொல்றேன், நடு நட்ட தொடாதீங்க.

இங்க தான் ஒரு முடிவு எடுக்கணும். ஸ்பிரிங் கம்ப்ரெஸர் நல்லதா இருக்கா, போட்டுப் பழக்கம் இருக்கான்னு உங்களையே கேளுங்க. எதிர் வீட்டுப் பையன் ஆன்லைன்ல வாங்கின மலிவு செட்ட மாட்டி முறுக்கும்போது ஒரு கொக்கி வழுக்கி ஸ்பிரிங் வாழைக்கா மாதிரி வளைஞ்சுருச்சு, ரெண்டு பேரும் மூச்சு விடாம, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கால் சுத்து கால் சுத்தா விட்டு எறக்கினோம். அது தெறிச்சா தாடை எலும்பு மிஞ்சாது, ஆள் செத்த கதையும் உண்டு. இப்பல்லாம் நான் பண்றது, ஸ்ட்ரட்ட முழுசா எறக்கி பூட்ல போட்டுக்கிட்டு வேற காடில டவுன் வொர்க்‌ஷாப்புக்குப் போயிருவேன், சுவத்துல மாட்டின பெரிய கம்ப்ரெஸர் இருக்கற கடையா பாத்து, பழைய ஸ்பிரிங்க புது அப்சோபருக்கு மாத்தி மாட்ட மட்டும் கூலி குடுப்பேன். எறக்கற கூலியும் ஏத்தற கூலியும் மிச்சம், மூஞ்சியும் மிச்சம்.

புதுசு போடறதுக்கு முன்னாடி நேரா நிமித்தி வச்சு தண்ட மெதுவா முழுசா அமுக்கி, முழுசா இழுத்து நாலஞ்சு வாட்டி பண்ணுங்க. பெட்டில படுத்தே கெடந்ததுல உள்ள காத்து எடம் மாறியிருக்கும், அப்படியே போட்டா மொத நாள் தொளதொளன்னு இருக்கும். தண்ட பிளையர்ல புடிக்கக் கூடாது, ஒரு கீறல் விழுந்தா போதும், புது சீல அறுத்துரும். கடைல நடு நட்டுக்கு இம்பேக்ட் கன் போட்டாங்கன்னா நிறுத்தச் சொல்லுங்க, தண்டப் புடிச்சுக்கிட்டு கையால இறுக்கறது தான் மொற.

ஏஇ86 மாதிரி பழசுல ஸ்ட்ரட் குழாய் அப்படியே இருக்கும், உள்ள இருக்கற குப்பி மட்டும் மாறும். அந்தக் குழாய்க்குள்ள கொஞ்சம் எண்ணெய் ஊத்திட்டு குப்பிய எறக்குங்க, சூடு வெளிய போறதுக்கு அது வேணும். மேல் வளைய நட்டு துருப்புடிச்சு வரலன்னா அடிச்சு ஒடைக்காம கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

பின் பக்கம் சுலபம், பூட்ல ஓரத்து அட்டையக் கழட்டினா மேல் நட்டு தெரியும். ரப்பர் புஷ் இருக்கற போல்ட்ட மட்டும் வீல் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீங்க. காடிய தரையில எறக்கி, ரெண்டு வாட்டி அமுக்கி விட்டு, அப்புறம் இறுக்குங்க. தொங்கும்போதே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே வாழும், ஒரு வருஷத்துல கிழியும். வீல் நட்டு சுமார் 100 நியூட்டன் மீட்டர், மத்ததுக்கு மேனுவலப் பாத்து இறுக்குங்க.

ஃபோர்மென்கிட்ட விட வேண்டிய கட்டம்: நக்கிள் போல்ட் ஓட்டை நீளமா போயிருந்தா, டவர் தகட்டுல துரு ஓட்டையோ வெடிப்போ தெரிஞ்சா, போல்ட் தலை உருண்டு போச்சுன்னா. டவர் வெடிச்சிருந்தா வெல்டிங் வேல, அதுக்கு பாடி ஒர்க் பண்றவங்க கிட்ட போகணும்.

## அறிகுறி: புதுசு போட்டும் சத்தம்

கடைக்காரர திட்டறதுக்கு முன்னாடி இத வரிசையா பாருங்க. நடு நட்டு முழுசா இறுகிச்சா. ஸ்பிரிங் முனை குழில ஒக்காந்துச்சா. லிங்க்க திரும்ப மாட்டி இறுக்கினீங்களா, இல்ல கையால திருகி விட்டுட்டு தே தண்ணி குடிக்கப் போயிட்டீங்களா. பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் பழசயே போட்டீங்களா, பழசு ஒடைஞ்சு தண்டுல மேலயும் கீழயும் ஓடி தட்டும்.

அலைன்மெண்ட் கட்டாயம், ஸ்ட்ரட் எறக்கின பிறகு கேம்பர் (வீல் உள்ளயோ வெளியயோ சாயற சாய்வு) கொஞ்சமாச்சும் மாறியிருக்கும், கோடு போட்டிருந்தாலும். நான் ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் ஒக்காந்த பிறகு பண்ணுவேன், அதுக்குள்ள ஹைவே ஏற மாட்டேன்.

கடைசியா போன மாசம் ஒரு பையன் புதுசு போட்ட மறுநாளே வந்தான், லெஃப்ட்ல திருப்பும்போது மட்டும் சர்ருனு ஒரு சத்தம். வீல கழட்டிப் பாத்தா பிரேக் ஹோஸ் கிளிப்ப மாட்ட மறந்திருக்கான், ஹோஸ் ரிம்முல ஒரசி மேல் ரப்பர் பளபளன்னு தேஞ்சிருக்கு. கிளிப்ப மட்டும் மாட்டி அனுப்பல, ஹோஸையும் புதுசு வாங்க வச்சு, பிரேக் எண்ணெய் காத்து எடுத்து தான் சாவியக் குடுத்தேன்.